'ஆருக்கும் தெரிய வராதுதானே அக்கா?'

இந்தக் கேள்விதான் முதலில் வரும். என்ன நடந்தது, எங்கே நடந்தது, ஆள் யார் என்பதெல்லாம் பிறகுதான். சிலர் நடந்ததைச் சொல்லவே மாட்டார்கள். இதை மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவார்கள். மட்டக்களப்பில் ஒரு சின்னப் பெண்கள் அமைப்போடு சேர்ந்து, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் துணைக்குப் போகிற வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரி, பொலிஸ், பிரதேச செயலகம், நீதிமன்றம் என்று எங்கே போக வேண்டியிருக்கிறதோ அங்கே பக்கத்தில் இருப்பேன். நான் சட்டத்தரணியும் இல்லை, டொக்டரும் இல்லை. கூட இருக்கிற ஆள், அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்கு 'தெரிய வராது' என்று நான் பதில் சொல்வதில்லை. 'எங்களால் தெரிய வராது. வேறு எந்த வழியால் தெரிய வரலாம் என்று இருந்து யோசிப்போம், வாங்க' என்றுதான் சொல்வேன். இதைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வரும். வெறும் ஆறுதலை விட இது பெரிய ஆறுதல் என்பது என் அனுபவம்.

கீழே வருகிறவர்கள் யாரும் ஒரு தனி ஆள் இல்லை. ஊர், வயது, தொழில், உறவு எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருக்கிறேன். என் சொந்தக் கதையும் இதற்குள் எங்கேயாவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சொல்வதா விடுவதா என்பது என் விருப்பம். வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்: நடந்தது உங்களுடையது, அதை யாருக்கு, எவ்வளவு, எப்போது சொல்வது என்பதும் உங்களுடையது.

எங்கள் பக்கத்தில் இரகசியம் காப்பது ஏன் கஷ்டம் என்பது வெளியூர்க்காரருக்கு விளங்காது. இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. அக்காவுக்கு ஒரு வீடு, அதே வளவில் தங்கச்சிக்கு ஒரு வீடு, பின்னால் பெரியம்மாவின் வீடு, நடுவில் ஒரு கிணறு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். நல்லது கெட்டதுக்கு ஓடி வர நாலு பேர் இருப்பது பெரிய பலம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை காலையில் வழக்கத்தை விட நேரத்தோடு உடுத்து வெளிக்கிட்டால் நாலு வாசலிலிருந்தும் 'எங்க போறாய்?' என்ற கேள்வி வரும். தவறு செய்தவன் அதே வளவில் குடியிருக்கிற அக்காவின் புருசனாக இருந்தால்? எங்களிடம் வருகிறவர்களில் இருட்டில் யாரோ தெரியாத ஒருவன் என்று சொல்கிறவர்கள் குறைவு. டியூசன் மாஸ்டர், லோன் காசு எடுக்க வருகிறவன், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட், மச்சான், சிறியதகப்பன். முகம் தெரிந்த ஆட்கள்தான்.

இவ்வளவு காலத்தில் நான் கண்ட ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். கதை வெளியே போவது பெரும்பாலும் டொக்டராலோ உளவளத்துணையாளராலோ இல்லை. ஏறிப்போன ஆட்டோவால் போகும். அவன் ஊர் ஆட்டோக்காரன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, 'ஆருக்கு என்ன வருத்தம்?' என்று பின்னேரம் வீட்டில் வந்து கேட்பான். கைப்பையில் கிடந்த கிளினிக் துண்டால் போகும். போனில் பதிந்து கிடக்கும் நம்பரால் போகும். ஓபிடி வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு மாமியால் போகும். ஆகவே இரகசியம் என்பதை ஒரு வாக்குறுதியாகக் கேட்டு வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது. பயணம் போகிறது போல, புறப்படுகிற இடத்திலிருந்து திரும்பி வருகிற வரைக்கும் யோசித்து ஒழுங்குபடுத்த வேண்டும்.

போனில் தொடங்குவோம். வீட்டில் இரண்டு மூன்று பேர் ஒரு போனைப் பாவிக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 1938 என்பது மகளிர் விவகார அமைச்சின் பெண்கள் உதவி இலக்கம், தமிழில் கதைக்கலாம். பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் 1929, அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையுடையது. மனசு உடைந்துபோய் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். 1987 இலிருந்து இயங்கும் விமன் இன் நீட் அமைப்புக்கு 077 5676555 என்ற அவசர இலக்கம் இருக்கிறது. கடைசி ஒன்றைத் தவிர மற்றவை நாலே இலக்கம் என்பதால் மனப்பாடம் செய்துகொள்ளலாம், போனில் பதிய வேண்டியதில்லை. கதைத்து முடிந்ததும் அழைப்புப் பட்டியலில் அந்த ஒன்றை மட்டும் அழியுங்கள். முழுப் பட்டியலையும் அழித்தால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். ஒரு தங்கச்சி இதை எனக்குச் சொல்லித் தந்தாள். அவளுடைய புருசன் வெறுமையான பட்டியலைப் பார்த்துத்தான் முதலில் கேள்வி கேட்டானாம்.

முதல் அழைப்பில் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஊரும் சொல்ல வேண்டியதில்லை. 'நான் திருப்பி எடுக்கலாமா, எத்தனை மணிக்கு, வேறு யாராவது எடுத்தால் நான் யாரென்று சொல்வது?' இந்த மூன்றையும் நாங்கள் கேட்டுக்கொள்வோம். எத்தனையோ வீடுகளுக்கு நான் தையல் கிளாஸ் டீச்சர். ஒரு வீட்டில் மாமியார் என்னிடம் ப்ளவுஸுக்கு அளவு கேட்டு நன்றாக மாட்டிக்கொண்டேன், சரி, அது வேறு கதை.

இப்போது ஆஸ்பத்திரி. இதில் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மணிக்கணக்கு இங்கேதான் இருக்கிறது. 72 மணித்தியாலம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் தரிக்காமல் தடுக்கிற அவசரக் குளிசையை அதற்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு வேளைக்கு எடுக்கிறோமோ அவ்வளவுக்கு வேலை செய்யும். நம் நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கென்றால் ஒழியக் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தராது. வல்லுறவால் வந்த கர்ப்பமென்றாலும் விலக்கு இல்லை. ஆகவே இந்தக் குளிசையின் பெறுமதியைத் தனியே சொல்லத் தேவையில்லை. எச்ஐவி தொற்றாமல் இருக்கத் தருகிற மருந்தையும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் மற்றப் பாலியல் நோய்களுக்கான மருந்தும் இருக்கின்றன. பொலிஸுக்குப் போகிற எண்ணமே இல்லாதவருக்கும் இதெல்லாம் வேண்டும். 'நான் கேஸ் போடப் போவதில்லை, பிறகேன் ஆஸ்பத்திரி?' என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். கேஸ் வேறு, உடம்பு வேறு.

எங்கள் வீடுகளில் விசயம் தெரிந்ததும் தாய் செய்கிற முதல் வேலை வெந்நீர் வைத்துத் தலைக்கு வார்ப்பது. உடுப்பைக் கழற்றித் தோய்த்துப் போட்டும் விடுவார்கள், சிலர் எரித்தே விடுவார்கள். அது பாசம், குறை சொல்ல முடியாது. ஆனால் முடிந்தால் குளிக்காமல், வாய் கொப்பளிக்காமல், உடுத்திருந்த உடுப்போடு வருவது நல்லது. மாற்றிவிட்டால் அந்த உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். சொப்பின் பையில் போட்டால் ஈரம் பிடித்துப் பழுதாகிவிடும். ஏற்கெனவே குளித்தாயிற்றா, பரவாயில்லை, வாருங்கள். குளித்துவிட்டோமே என்று வராமல் விட்டவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். குடிக்கத் தந்ததில் ஏதோ கலந்திருந்தது என்று சந்தேகம் இருந்தால் அதை உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரும் இரத்தமும் எடுத்துப் பார்ப்பார்கள், நேரம் போனால் ஒன்றும் தெரியாது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குள் வந்தால் கவுண்டரில் நின்று முழுக் கதையும் சொல்ல வேண்டாம். சீட்டு எழுதுகிற இடத்தில் பின்னால் பத்துப் பேர் காது கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். 'வயிற்று வலி' என்று எழுதுவித்துக்கொண்டு உள்ளே போய், தாதியிடம் 'மிஸ், தனியாக் கதைக்க வேணும்' என்றால் போதும். அனுபவப்பட்ட தாதிக்கு அந்த வசனமே விளங்கும். அரச வைத்தியசாலைகளில் இதற்கென்றே சுகாதார அமைச்சின் கீழ் 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இருக்கிறது. சிங்களத்தில் மிதுரு பியச. பெயர்ப்பலகையில் வன்முறை, வல்லுறவு என்ற சொல் எதுவும் இல்லை, அதற்குள் போகிறவரைப் பார்த்து யாரும் ஒன்றையும் ஊகிக்க முடியாது. அங்கே இருக்கிறவர்கள் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள். வார்டுக்குள் அங்குமிங்கும் அலைக்கழியாமல், சொன்ன கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் இருக்க அதுவே நல்ல வழி.

சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் தாதி மச்சாளாக இருப்பாள், அட்டெண்டன்ட் பக்கத்து வளவுக்காரனாக இருப்பான். இதனால் களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பிள்ளையைக் கல்முனைக்கும், கல்முனைப் பிள்ளையை மட்டக்களப்புக்கும் கூட்டிப் போயிருக்கிறோம். அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். ஊர் ஆட்டோ வேண்டாம். பஸ்ஸில் வந்து டவுனில் இறங்கி வேறு ஆட்டோ பிடியுங்கள். ஆனால் இரத்தம் போகிறது, மயக்கம் வருகிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

பரிசோதனை செய்கிறவர் சட்ட வைத்திய அதிகாரி. ஆஸ்பத்திரியில் 'ஜேஎம்ஓ' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். என்ன செய்யப் போகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். ஒன்றுக்குச் சம்மதித்து மற்றொன்றுக்கு வேண்டாம் என்று சொல்லலாம். ஆண் டொக்டராக இருந்தால் பெண் தாதி ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று கேளுங்கள். துணைக்கு வந்தவரும் நிற்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, திரைக்குக் கீழால் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

28 நாள் மருந்தைப் பற்றி ஒன்று. அதை வாங்கிக்கொண்டு போவது பெரிய காரியமில்லை, வீட்டில் ஒளித்து வைப்பதுதான் பெரிய பாடு. ஒரு பிள்ளை அதைத் தையல் மெஷின் லாச்சிக்குள், நூல் கட்டைகளுக்கு அடியில் வைத்தாள். இரவில் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற சாட்டில் எழும்பிப் போய் ஒரு குளிசை போடுவாள். முதல் கிழமை சத்தி வந்தது. மாமியார் பார்த்துவிட்டு, 'என்ன பிள்ள, விசேசமா?' என்று சந்தோசமாகக் கேட்டாவாம். அதைச் சொல்லி என்னிடம் அவள் சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. குளிசை தருகிற இடத்திலேயே சொல்லுங்கள், 'வீட்டில் தெரியக் கூடாது' என்று. சத்திக்கு மருந்து கேளுங்கள். கிளினிக் துண்டையும் அடுத்த தவணைத் திகதியையும் எங்கள் மாதிரி யாரிடமாவது கொடுத்து வைத்துவிடுங்கள். தடுப்பூசி அடுத்தடுத்த மாதங்களில் வரும், அதற்குள் துண்டு யார் கையிலும் அகப்படாமல் இருக்க வேண்டுமே.

பொலிஸ் முறைப்பாடு செய்யாதவருக்கு வைத்தியம் இல்லை என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. சட்ட வைத்திய அறிக்கைக்குத்தான் பொலிஸ் படிவம் வேண்டும், சிகிச்சைக்கு வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே பொலிஸ் காவலரண் இருப்பதால் தகவல் அங்கே போக இடமுண்டு என்பதையும் நான் மறைப்பதில்லை. 'பொலிஸுக்குச் சொல்வதா என்று இன்னும் யோசிக்கவில்லை' என்று டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காயங்களைச் சீட்டில் விவரமாக எழுதிக்கொள்ளும்படியும் கேளுங்கள். பிறகு மனம் மாறினால் அது உதவும்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் கதை வேறு. அங்கே 'ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்' என்று நான் ஒருநாளும் வாக்குக் கொடுப்பதில்லை, நீங்களும் கொடுக்க வேண்டாம். சிறுவர் பாதுகாப்பு அதிகாரியும் நன்னடத்தைப் பிரிவும் உள்ளே வர வேண்டியிருக்கும். பிள்ளை வாய் திறக்கும் முன்பே இதைப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி சொல்லிவிட வேண்டும்: 'நீ சொல்வதை எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். உன்னைக் காப்பாற்ற வேண்டிய ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் சொல்வேன். யாருக்கு என்று உனக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.' சொன்ன பிறகு ஏமாற்றப்பட்டதாக ஒரு பிள்ளை நினைத்துவிட்டால் மறுகா அது வாயே திறக்காது.

பொலிஸுக்குப் போவதென்று முடிவெடுத்தவர்களுக்குச் சில விசயங்கள். பொலிஸ் நிலையங்களில் பெண்கள் சிறுவர் பிரிவு இருக்கிறது. வாசல் மேசையில் நிற்கிறவரிடம் 'அந்தப் பிரிவு மிஸ்ஸைச் சந்திக்க வேண்டும்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அந்த மிஸ்ஸே சொந்தக்காரியாக இருந்தால் வேறொருவரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மொழிதான் பெரிய விசயம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நடைமுறையில் சில இடங்களில் நீங்கள் தமிழில் சொல்வீர்கள், எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதுவார். ஒரு நிலையத்தில், நிலையத்தின் பெயர் வேண்டாம், அப்படித்தான் நடந்தது. எழுதி முடித்துக் கையெழுத்துக்குக் கொப்பியைத் திருப்பிவைத்தார்கள். 'வாசித்துக் காட்டுங்க' என்றேன். வாசித்துத் தமிழில் சொன்னார் ஒருவர். 'அவருடன் தோட்டத்துக்குப் போனேன்' என்று வந்தது. பிள்ளை சொன்னது, 'அம்மா கூப்பிடுகிறா என்று சொல்லி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்' என்பது. இரண்டும் ஒன்றா? வெட்டித் திருத்தி, திருத்திய இடத்தில் சின்னக் கையெழுத்தும் வைத்த பிறகுதான் அடியில் ஒப்பமிட்டாள். ஒரு மணித்தியாலம் கூடுதலாகப் போயிற்று. எழுதியவர் முகம் கறுத்தது, அது அவர் பாடு. நாலு வருசம் கழித்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி தூக்கிப் பிடிக்கப் போவது அந்த ஒரு வரியைத்தான்.

'உடம்பில் காயமில்லையே, நீ கத்தவில்லையே' என்று கேட்கிறவர்கள் பொலிஸிலும் இருக்கிறார்கள், வீட்டிலும் இருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோதே, சம்மதம் இருக்கவில்லை என்பதைக் காட்ட உடம்பில் காயமோ எதிர்த்துப் போராடிய அடையாளமோ கட்டாயமில்லை என்று எழுதிவிட்டார்கள். இன்றைக்கு வரைக்கும் அந்தச் செய்தி ஊருக்குள் வந்து சேரவில்லை. பயத்தில் கை கால் விறைத்துப் போகும். அப்படி விறைத்துப் போனவர்கள்தான் எங்களிடம் வருகிறவர்களில் அதிகம்.

அதே திருத்தத்தில் வந்த 365இ பிரிவையும் தெரிந்து வைத்திருங்கள். ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் அது 365சி. இப்படிப்பட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையுமோ அனுமதியில்லாமல் அச்சிடுவதும் வெளியிடுவதும் குற்றம். பெயர் போடவில்லை என்று எங்கள் உள்ளூர் பேஸ்புக் செய்திக்காரர்கள் தப்பித்துக்கொள்வார்கள். ஆனால் கிராமத்தின் பெயர், வயது, தகப்பனின் தொழில், படிக்கிற பாடசாலை எல்லாம் வரிசையாக எழுதுவார்கள். அறுநூறு குடும்பம் உள்ள ஊரில் இதற்கு மேல் பெயர் எதற்கு? அப்படி ஏதும் கண்ணில் பட்டால் திட்டிப் பின்னூட்டம் எழுதாதீர்கள், அது இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வரும். திரைப்பிடிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, நீக்கும்படி முறையிடுங்கள். அதையும் பொலிஸில் கொடுக்கலாம்.

உளவளத்துணைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். காசு இல்லை. ஊரே வந்து போகிற கட்டடம் என்பதுதான் சங்கடம். அதையே மறைப்பாக எடுத்துக்கொள்ளலாம். 'அஸ்வெசும விசயமா வந்தேன்' என்று அரசாங்க உதவிக் காசைச் சாட்டாகச் சொன்னால் ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், தங்களுக்கு ஏன் வரவில்லை என்ற கதையைத் தொடங்கிவிடுவார்கள். அரச அலுவலகம் வேண்டாம் என்கிறவர்களுக்கு மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யுத்தத்தால் இடம்பெயர்ந்த பெண்களோடு தொடங்கிய அமைப்பு. எங்கள் மாதிரிச் சின்ன அமைப்புகளுக்கெல்லாம் மூத்தது.

காத்தான்குடி, சாய்ந்தமருது மாதிரி முஸ்லிம் ஊர்களிலிருந்து வருகிற சிலர், 'எங்கட ஆளா ஒரு ராத்தா இருந்தாச் சொல்லுங்க' என்பார்கள். வேறு சிலர், 'எங்கட ஊர் ஆள் மட்டும் வேணாம்' என்பார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான். யாருக்கு எது வசதி என்று நாமாக ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும்.

முதல் நாள் உளவளத்துணையாளரிடம் நேரடியாகவே கேளுங்கள்: 'நான் சொல்வதை எங்கே எழுதுவீங்க? அந்தக் கோப்பை ஆர் பார்ப்பாங்க? எதை உங்களால் மறைக்க முடியாது?' நல்ல ஆள் என்றால் கோபிக்க மாட்டார். உயிரை மாய்க்கும் ஆபத்து இருந்தால், சின்னப் பிள்ளைக்கு ஆபத்து இருந்தால் மற்றவருக்குச் சொல்வேன் என்று தெளிவாகச் சொல்வார். 'எல்லாமே இரகசியம், பயப்படாதீங்க' என்று ஒரே மூச்சில் முடிக்கிற ஆளிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கதைத்துத் தீர்க்கிற வழக்கத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர், பள்ளிவாசல் நிர்வாகம், ஆராவது ஒரு அரசியல்வாதியின் ஆள். 'அவனுக்கே கட்டி வச்சிருவம், மானம் போகாது' என்பார்கள். யாருடைய மானம் என்று கேட்டால் பதில் வராது. வல்லுறவு மத்தியஸ்த சபைக்குக்கூடப் போகிற விசயமில்லை. காசு கொடுத்தோ கலியாணம் முடித்தோ அந்தக் குற்றம் அழிந்துவிடாது. இப்படி ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. அங்கே எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். இது என் அபிப்பிராயம்: அப்படிப்பட்ட கூட்டத்தை விட இரகசியத்தை வேகமாக உடைக்கிற இடம் இந்த மாவட்டத்தில் இல்லை. வாசலில் செருப்பை எண்ணியே ஊர் விசயத்தைக் கண்டுபிடித்துவிடும்.

கட்டிய புருசனே செய்தால்? சட்டப்படி, நீதிமன்றம் பிரித்து வைத்திருந்தால் தவிர, அதை இங்கே வல்லுறவு என்று வழக்குப் போட முடியாது. கேட்க எரிகிறது, எனக்கும் எரிகிறது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம். பன்னிரண்டு மாதம் வரைக்கும் அது இருக்கும். வீட்டை விட்டு வெளியே வர வேண்டிய நிலை என்றால் பாதுகாப்பு இல்லங்கள் உண்டு. எங்கே இருக்கின்றன என்பதை ஒருவருக்கும் சொல்வதில்லை, நானும் இங்கே சொல்லப் போவதில்லை. மேலே சொன்ன இலக்கங்களில் ஒன்றுக்கு எடுத்தால் வழி காட்டுவார்கள்.

பையன்களும் வருகிறார்கள், அதிகம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு. சட்டத்தில் வேறு பிரிவு, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்று வரும். ஆனால் வைத்தியமும் உளவளத்துணையும் அவர்களுக்கும் அதே கதவுதான்.

'வருசம் போயிற்று, இனி என்ன?' என்கிறவர்களுக்கு: இப்படியான குற்றங்களுக்கு வழக்குத் தொடுக்க இருபது வருசம் வரைக்கும் காலம் உண்டு. உடம்பில் சாட்சி இருக்காது, வழக்குக் கஷ்டமாக இருக்கும், அது உண்மை. ஆனால் கதவு பூட்டவில்லை. வழக்கே வேண்டாம், கதைக்க ஒரு ஆள் போதும் என்று இருபது வருசம் கழித்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் 'ஏன் இவ்வளவு நாள்?' என்று கேட்கக் கூடாது.

கடைசியாக ஒன்று, இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், மேல் நீதிமன்றத்துக்கு வருவதற்குள் வருசங்கள் ஓடிவிடும். அதற்குள் அந்தப் பிள்ளை கலியாணம் கட்டியிருப்பாள், புது ஊரில், புது வளவில் இருப்பாள். ஒரு நாள் காலையில் சீருடையோடு பொலிஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, சம்மன் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அல்லது தாய் வீட்டு விலாசத்துக்கு வந்து, தங்கச்சியின் மாப்பிள்ளை கையில் கிடைக்கும். இவ்வளவு காலம் காத்து வந்தது ஐந்து நிமிடத்தில் போய்விடும். ஆகவே இடம் மாறும்போதெல்லாம், நம்பர் மாறும்போதெல்லாம், வழக்கைப் பார்க்கிற பொலிஸ் பிரிவுக்குப் போய்ச் சொல்லுங்கள். முதலில் போன் எடுங்கள், வீட்டுக்கு வர வேண்டாம், நானே வந்து சம்மனை வாங்கிக்கொள்கிறேன் என்று எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியளிக்கும், பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அந்தரங்கத்தை மதித்து நடத்தப்படுகிற உரிமையையும், வழக்கு எங்கே நிற்கிறது என்று கேட்டு அறிகிற உரிமையையும் அது தருகிறது. கடிதத்தில் அந்தச் சட்டத்தின் பெயரை ஒரு வரி எழுதிவிட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து இருப்பார். சாட்சி சொல்கிற நாளில் பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு விசாரிக்கும்படி நீதிபதியிடம் கேட்கலாம், அதைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே நினைவுபடுத்துங்கள். தவணைக்குப் போகிற நாளில் என்ன காரணம் சொல்லிவிட்டு வீட்டிலிருந்து வெளிக்கிடுவது என்பதையும் அன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். தவணை தள்ளிப்போனால், தள்ளித்தான் போகும், அடுத்த முறைக்கு வேறு காரணம் வேண்டும்.